முள்ளுக்கும் சாரலுக்கும் ஒரு ஜோடி டயர்

நான் சொல்லி முடிக்குத வரைக்கும் யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன்.

என் பேரு முத்துச்செல்வி. ஊரு ஆய்க்குடி. தென்காசியில ஒரு ஜவுளிக்கடையில ஒம்பது வருசமா சேலை செக்‌ஷன்ல நிக்கேன். விரிச்சுக் காட்டணும். வேற கலர் கேப்பாவ, அதையும் விரிக்கணும். அவுக ஒண்ணும் வாங்காமப் போன பொறவு அம்பது சேலைய மடிக்கணும். ஒரு நாளைக்கு எனக்கு உசிரு இருக்குன்னு தெரியுத நேரம் ரெண்டே ரெண்டு. காலையில சைக்கிள்ல கடைக்குப் போற அரை மணி நேரம், சாயங்காலம் சைக்கிள்ல வீட்டுக்கு வாற அரை மணி நேரம்.

அது கியர் வச்ச மலை சைக்கிள். எங்க வீட்டுக்காரரு இசக்கிமணி டிராக்டர் ஓட்டுதாரு. புளியறையில ஒரு வீட்டுல பழசா கெடந்தத ரெண்டு வருசத்துக்கு முந்தி வாங்கிட்டு வந்து நிறுத்துனாரு. "என் டிராக்டருக்கே இம்புட்டு கியர் கெடையாதுட்டி, உனக்கு எதுக்கு"ன்னு கேலி வேற. ஆனா முதல் நாள் நான் அத மிதிச்சுக்கிட்டு குளத்தங்கரை மேட்டுல ஏறுனதப் பாத்து, தெருவுல நிக்கவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனதும் அவருதான்.

வைகாசி கடைசியில ஒரு லீவு நாளு குத்தாலத்துல, ஐந்தருவி ரோட்டுல ஒரு போர்டு பாத்தேன். மலை சைக்கிள் சவாரிக்கு வழிகாட்ட ஆள் வேணும், பெண்களும் வரலாம்னு எழுதியிருந்துச்சு. சைக்கிள் ஓட்டுததுக்குச் சம்பளமா! வண்டிய ஓரமா நிறுத்திட்டு நேரா உள்ள போயிட்டேன்.

அந்த எடத்த நடத்துதது ஞானதுரை அண்ணாச்சி. அம்பது வயசு இருக்கும். பத்து மலை சைக்கிள் வச்சு, குத்தாலத்துக்கு வாற டூரிஸ்ட்டுகள வயக்காட்டு வழி, தோப்பு வழியெல்லாம் சுத்திக் காட்டுதாரு. சம்பளம் சொன்னாரு. ஜவுளிக்கடையில வாங்குதத விட ரெண்டாயிரம் கூட. நான் வாயத் திறந்து சந்தோசத்தச் சொல்லப் போறதுக்குள்ள, "ஆனா சீசன் மூணு மாசந்தாம்மா"ன்னாரு.

"ஏன் அண்ணாச்சி, மத்த மாசம் ஆளே வராதா?"

"ஆள் வரத்தான் செய்யும். வண்டி ஓடாது. சாரல் நின்னு வெயில் ஏறிச்சுன்னா வழியெல்லாம் உடைமரத்து முள்ளுல்லா. போன பங்குனியில ஓட்டிப் பாத்தேன். பத்து வண்டிக்கு ஒரே நாள்ல பதிமூணு பஞ்சர். மெட்ராஸ்காரர் ஒருத்தரு முள்ளுக்காட்டுல நின்னுக்கிட்டு போன்ல என்னைய வஞ்ச வசவு இன்னும் காதுல கெடக்கு. ஆவணி முடிஞ்சா எல்லாத்தையும் கழுவி, துணியப் போட்டு மூடிருவேன்."

நான் அவரு வண்டி டயரையெல்லாம் உக்காந்து பாத்தேன். டயர்ல துருத்திக்கிட்டு நிக்குமே கட்டை, பட்டன்னு சொல்லுவோம், அது ஒண்ணொண்ணும் கட்டைவிரல் தண்டிக்கு இருந்துச்சு. ஒரு பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. சேத்துக்குன்னே செஞ்ச டயரு. இடைவெளியில அமுக்குனா ரப்பரு அப்பளம் மாதிரி இருக்கு. முள்ளு ஏறாம என்ன செய்யும்?

எங்க கடை மேனேஜர்கிட்ட மூணு மாசம் லீவு கேட்டுப் பாத்தேன். "போனா போனதுதான். திரும்பி வந்து வாசல்ல நிக்கக் கூடாது"ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு. மூணு மாச வேலைய நம்பி இத விட முடியாது. மக ஸ்வாதி ஏழாப்பு படிக்கா. அப்போ நான் செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். முள்ளுலயும் ஓடும், சேத்துலயும் ஓடும், வருசம் பூரா ஓடும்னு ஒரு டயர அண்ணாச்சி கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டணும். காட்டிட்டா, பன்னெண்டு மாசமும் வேலை.

மறுநாளே போய்ச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கையே இல்ல. ஆனாலும், "ஆனி மாசம் மொத ஞாயித்துக்கிழமை காலையில உன் வண்டியோட வா. நான்தான் டூரிஸ்ட்டு. என்னைய ஒரு சுத்து கூட்டிட்டுப் போயி முழுசாக் கொண்டாந்து விடு. பொறவு பேசுவோம். எந்த வழியில போவ?"ன்னு கேட்டாரு.

"இலஞ்சி வழியா போயி, எங்க ஆய்க்குடி குளத்தங்கரைய சுத்திட்டு வருவோம்."

"அங்க பூரா முள்ளுல்லா கெடக்கு?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி."

அவரு என்னையக் கோட்டிக்காரியப் பாக்க மாதிரி பாத்தாரு. பாக்கட்டும்.

கையில இருந்தது ரெண்டாயிரத்து நானூறு. என் வண்டியில கெடந்த பழைய டயரு ரெண்டும் மொட்டை. போன்ல தேடுனேன். எல்லா சீசனுக்கும் ஏத்த டயருன்னு போட்டு ஒண்ணு காட்டுதான், ஒரு டயரு நாலாயிரத்து ஐநூறு. பனிக்கட்டியில கூட வழுக்காதாம்! தென்காசியில எந்தத் தெருவுலய்யா பனிக்கட்டி கெடக்கு? அவன் சொல்லுத சீசன் வேற, நம்ம சீசன் வேற. குத்தாலத்துல சாரல் அடிச்சு தலை நனையுத அதே நேரத்துல ஆய்க்குடியில வெயில் மண்டையப் பொளக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு சீசனையும் பாத்துட்டு வரலாம். அதுக்குத் தக்கன டயரு வேணும், அதுவும் என் கையில இருக்க காசுக்கு வேணும்.

"பெரிய பட்டனா வாங்குட்டி. அகலமா வாங்கு. என் டிராக்டர் டயரப் பாரு, எந்தச் சேத்துலயாவது சிக்கி நிக்குதா?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"உங்க டிராக்டர் வயலத் தாண்டி எங்கங்க போகுது? நான் தார் ரோட்டுலயும்லா போணும்"னு சொன்னேன். மனுசன் கேக்கணுமே! ரெண்டு நாளா தட்டுல சோத்தப் போட்டா டயரு, தூங்கப் போனா டயரு.

தென்காசியில மசூது பாய் சைக்கிள் கடைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துல போனேன். டிபன் பாக்ஸத் திறந்து மேசையில வச்சேன். அவரு எட்டிப் பாத்துட்டு பின்னால நகந்துட்டாரு. உள்ள சோறு இல்ல, குளத்தங்கரையில பொறுக்குன உடைமுள்ளு. விரல் நீளத்துல முப்பது, நாப்பது இருக்கும்.

"எந்த டயருல இது ஏறலையோ அந்த டயரு குடுங்க பாய்."

"ஏம்மா, கடையில இருக்கது ஒவ்வொண்ணையும் குத்திப் பாத்துட்டு வேண்டாம்னுட்டுப் போனா, நான் அத யார் தலையில கட்டுவேன்?"

"அப்போ ஓட்டை டயரு ஏதாவது இருக்கா?"

"ஓட்டை டயருக்கு என்ன பஞ்சம்? பின்னால கெடக்கு பாரு"ன்னாரு.

போய்ப் பாத்தேன். எய்யா! ஊருல உள்ளவன் கழட்டிப் போட்டுட்டுப் போன மலை சைக்கிள் டயரு அத்தனையும் அங்கன குமிஞ்சு கெடக்கு. அதப் பாத்ததும் எனக்குப் பொறி தட்டுச்சு. புது டயருல என்னத்தப் பாக்க? எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். செத்த டயரப் பாத்தாத்தானே எது எப்படிச் செத்துச்சுன்னு தெரியும்! முந்தானைய இழுத்துச் சொருகிட்டு உக்காந்துட்டேன். ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டு, உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்.

பெரிய பட்டன் டயரு எல்லாம் ஒரே மாதிரி போயிருந்துச்சு. பட்டனுக்கு நடுவுல ஊசி ஊசியா ஓட்டை, தார் ரோட்டுல ஓடி ஓடி நடுப் பட்டன் பிஞ்சு தொங்குது. வழுவழு டயருல முள்ளு ஓட்டை கம்மி, ஆனா கல்லு கிழிச்சு பக்கச் சுவரு பொளந்து கெடக்கு. மூணாவதா ஒரு சாதி. நடுவுல பட்டன் குட்டை குட்டையா நெருக்கமா இருக்கு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் பெருசா, தள்ளித் தள்ளி. அதுல அஞ்சு டயரு இருந்துச்சு. அஞ்சுலயும் ஓட்டை இல்ல, கிழிசல் இல்ல. ஓடி ஓடி பட்டன் தேஞ்சு பாதியாயிருந்துச்சு, அம்புட்டுதான். அந்தக் குமியல்ல வயசாகிச் செத்தது அது ஒண்ணுதான்.

"பாய்! இது! இதுதான் பாய்!"னு கத்திட்டேன். ரோட்டுல போனவங்க திரும்பிப் பாத்தாவ.

முள்ள எடுத்து அந்தப் பழைய டயருல குத்தினேன். பாதி ஏறி நின்னுச்சு. மசூது பாய்க்கும் சூடு பிடிச்சிருச்சு போல, சோலிய விட்டுட்டு வந்து உக்காந்துட்டாரு. பழைய ஸ்கூட்டர் ட்யூப நீளமா வெட்டி, டயருக்கும் ட்யூபுக்கும் நடுவுல பட்டையா வச்சு, "இப்போக் குத்து"ன்னாரு. குத்தினேன். முள்ளு முறிஞ்சிச்சே தவிர உள்ள போகல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துச் சிரிச்சிக்கிட்டோம்.

அதே டயருல புதுசு மடிச்சு வைக்குத வகையும் இருந்துச்சு, ஓரத்துல கம்பி வச்ச வகையும் இருந்துச்சு. மடிக்குதது எடை கம்மி, விலை ரெட்டிப்பு. "எனக்கு என்ன, மடிச்சுப் பையிலயா போடப் போறேன்? கம்பியே குடுங்க"ன்னேன். அகலத்துலதான் ஒரு சண்டை. வீட்டுக்காரரு சொல்லிவிட்ட அகலத்துக்கு இருக்கான்னு கேட்டேன். பாய் என் வண்டியக் கவுத்துப் போட்டு, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல விரல விட்டுக் காட்டுனாரு. "இங்கன ஒரு விரல் எடம் வேணும். இல்லன்னா சேறு அடைச்சு சக்கரம் சுத்தாது. உன் மாப்பிள்ளைய டிராக்டருக்குப் போடச் சொல்லு." கடைசியில ரெண்டு டயரு, ஸ்கூட்டர் ட்யூப் பட்டை, கூட ஒரு ட்யூபு, ஒட்டு போடுத சாமான், எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து நானூறுக்குள்ள முடிஞ்சிச்சு. கடைக்கு இருபது நிமிசம் பிந்திப் போனேன். மேனேஜர் வஞ்சது ஒண்ணும் காதுலயே ஏறல.

அடுத்த நாலு நாளும் ஒரே கூத்துதான். வேலை விட்டு வந்ததும் வாய்க்கால் கரையில எறக்குனேன். பிடிச்சிச்சு பாருங்க, சேத்த! ஓரப் பட்டன் நறுக்குன்னு கவ்வுது. தார் ரோட்டுல விட்டா சத்தமே இல்லாம உருளுது. குளத்தங்கரை முள்ளுப் பாதையில போயிட்டு வந்து எண்ணுனேன், டயருல ஏழு முள்ளு குத்தி நிக்கி. ஒண்ணொண்ணாப் பிடுங்கிப் போட்டேன். காத்து அப்படியே இருக்கு. நான் ரோட்டுல நின்னு குதிச்சேன். "எம்மா, எல்லாரும் பாக்காவ"ன்னு ஸ்வாதி வீட்டுக்குள்ள ஓடிட்டா.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சிச்சு. எங்க வீட்டுக்காரரு சிநேகிதரோட குட்டியானை லோடு வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாரு. "நீ மிதிச்சுக்கிட்டே போனா களைச்சிருவ. டயரும் அழுக்காயிரும். நான் ஏத்திட்டு வாரேன்"னாரு. எனக்கு மனசு குளுந்து போச்சு. நான் தலை சீவிட்டு வாறதுக்குள்ள சைக்கிளக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, ஏத்தியும் வச்சிட்டாரு. குத்தாலத்துல அண்ணாச்சி வரச் சொன்ன மெயினருவிப் பக்கம் எறக்கும்போது பாத்தேன். டயரு கன்னங்கரேல்னு மின்னுது. கழுவுன ஈரம்னு நெனச்சேன். முன் சக்கரத்துக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் வச்சாரு, நசுக்கி ஏறுனேன். "போயிட்டு வாட்டி ராசாத்தி"ன்னாரு.

சாரல் பொசுபொசுன்னு தூறுது. நான் முன்னால, ஞானதுரை அண்ணாச்சி பின்னால. மெயினருவிப் பக்கம் ரோட்டோரமா எண்ணெய் தேச்சு விடுதவங்க வரிசையா உக்காந்திருப்பாவல்லா, அங்கன ஒரு வளைவு. லேசாத்தான் சாச்சேன். அம்புட்டுதான். முன் சக்கரம் எங்கயோ போகுது, நான் எங்கயோ போறேன். தொப்புன்னு ரோட்டுல கெடக்கேன். முட்டியில தோலு உரிஞ்சு ரத்தம்.

அண்ணாச்சி பிரேக்கப் பிடிச்சு நின்னாரு. "யம்மா, நூறு அடி கூட வரலையே"ன்னாரு. வைஞ்சிருந்தாக் கூடப் பரவால்ல. பாவப்பட்டுச் சொன்னாரு, அதுதான் எனக்குத் தாங்கல. "இன்னொரு நாள் பாப்போம். சீசனுக்கு வேணும்னா வா"ன்னு வண்டியத் திருப்பப் போயிட்டாரு.

எனக்குப் புரியவே இல்ல. நாலு நாளா சேத்துலயே உருண்ட டயரு, நனைஞ்ச தார் ரோட்டுல எப்படி வழுக்கும்? முன் சக்கரத்தத் தொட்டேன். வழவழன்னு இருக்கு. கைய மோந்து பாத்தேன்.

தேங்காய் எண்ணெய்!

நான் விழுந்ததப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு தெறிச்சு ஓடி வாறாரு. "என்னட்டி, அடி பட்டுட்டா?"

"டயருல என்னத்தங்க தடவுனீங்க?"

"எண்ணெய்தான். நல்ல காரியத்துக்குப் போற வண்டில்லா, மின்ன வேண்டாமா? டிராக்டருக்குப் புது டயரு மாட்டுனா எப்பவும் பூசுததுதானே. வயல்ல எறங்குனா மண்ணுல போயிரும்."

"நான் இப்போ வயல்லயா எறங்குனேன்? கூறு கெட்ட மனுசா! ஒம்பது வருசமா நின்னுக்கிட்டே இருக்கேன், இன்னைக்கு ஒரு நாள் எனக்கு விடியும்னு வந்தா, டயருக்குத் தலை சீவி எண்ணெய் தேச்சு அனுப்பிருக்கீங்களே! உங்கள என்ன செய்ய நான்? சொல்லுங்க, என்ன செய்ய?" கத்துதேன், அழுதுக்கிட்டே கத்துதேன். ரோடே வேடிக்கை பாக்கு. அவரு முகம் சுண்டிப் போச்சு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து டயரத் தொடைக்க ஆரம்பிச்சாரு. அது எங்க போகுது, இன்னும் நல்லாப் பரவுது.

பக்கத்துல எண்ணெய் தேச்சு விட உக்காந்திருந்தவரு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. பிச்சைமணின்னு பேரு, இருபது வருசமா அந்த எடத்துல இருக்காராம். "யம்மா, அழாத. துணியில தொடைச்சா எண்ணெய் போகுமா? எங்கிட்ட தேச்சிட்டு அருவிக்குப் போறவங்க என்னத்தப் போட்டுக் குளிக்காவ?"ன்னு கேட்டாரு.

"சீயக்காய்!"னேன்.

"அதத்தான் சொல்லுதேன்"னு ரெண்டு பொட்டலத்தத் தூக்கிப் போட்டாரு.

நான் அண்ணாச்சி பக்கம் திரும்புனேன். "பத்தே நிமிசம். பத்து நிமிசம் நில்லுங்க அண்ணாச்சி. அதுக்குப் பொறவும் நான் விழுந்தா, இந்த ரோட்டுப் பக்கமே வரமாட்டேன்." அவரு சிரிப்ப அடக்கிக்கிட்டு, வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு டீ சொல்லிட்டாரு.

ஆளுக்கொரு சக்கரம். நான் முன் சக்கரம், வீட்டுக்காரரு பின் சக்கரம். சீயக்காயக் கொழச்சு அப்பி, தேங்காய் நாரால பட்டன் பட்டனாத் தேச்சோம். நல்லகாலத்துக்கு என் வண்டியில டிஸ்க் பிரேக்கு, அந்தத் தட்டுல எண்ணெய் படல. பிச்சைமணி அண்ணன் குடத்துல தண்ணி மோந்து மோந்து ஊத்துதாரு. "மனுசருக்குத்தான் எண்ணெய்க் குளியல் பாத்திருக்கேன், டயருக்கு இன்னைக்குத்தான் பாக்கேன்"னு அவரு சொல்லவும், குளிக்கப் போன கூட்டமெல்லாம் நின்னு சிரிக்கி. சிரிக்கட்டும்னு தேச்சேன். விரலால இழுத்துப் பாத்தேன். கிறீச்சுன்னுச்சு. அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

திரும்ப ஏறுனேன். அதே வளைவு. பல்லக் கடிச்சிக்கிட்டு, முன்ன சாச்சதவிட கூடவே சாச்சேன். பிடிச்சிச்சு! அப்படியே ஒட்டுன மாதிரி திரும்பிச்சு! பின்னால எங்க வீட்டுக்காரரு விசில் அடிக்காரு. கோவத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு.

அதுக்குப் பொறவு வண்டி பறந்துச்சு. இலஞ்சி வயக்காட்டு வரப்புல சேறு, போனோம். தார் ரோடு, போனோம். தென்காசியத் தாண்டவும் சாரல் நின்னு வெயில் ஏறிச்சு. ஆய்க்குடி குளத்தங்கரை வந்ததும் அண்ணாச்சி பேச்சக் கொறச்சுட்டாரு. பாதை பூரா காஞ்ச உடைமுள்ளு, மரத்த வெட்டி இழுத்துட்டுப் போன தடம். கால் பர்லாங்கு கூடப் போகல, பின்னால புஸ்ஸுன்னு ஒரு சத்தம்.

"நின்னுருச்சும்மா"ன்னாரு.

எங்கிட்ட இருந்த புது ட்யூபு அவரு சக்கரத்துக்குச் சேந்துச்சு. மாத்திக் குடுத்தேன். திரும்ப ஏறி இருநூறு அடி. புஸ்ஸு. இந்தத் தடவ முன்னயும் பின்னயும் ஒண்ணா. வெயில்ல அவருக்கு முகம் செவந்து போச்சு. பாதையோரமா உக்காந்து தலையில கைய வச்சிக்கிட்டாரு. அந்த மெட்ராஸ்காரரு வஞ்சது அப்பதான் அவருக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க டூரிஸ்ட்டு. உங்கள முழுசாக் கொண்டு விடுதது என் வேலை. என் வண்டியில ஏறுங்க."

"நீ?"

"நான் இத ஒட்டி, காத்தடிச்சு, உருட்டிக்கிட்டாவது வாரேன். நீங்க முன்னால போங்க. முள்ளப் பாத்து ஒதுங்காதீங்க. நேரா ஏத்துங்க."

அவரு தயங்கித் தயங்கித்தான் ஏறுனாரு. மொத முள்ளுக்கிட்ட கண்ண மூடிக்கிட்டாருன்னு நெனைக்கேன், வண்டி அப்படி ஆடிச்சு. ஒண்ணும் ஆகல. அடுத்தது, ஒண்ணும் ஆகல. பொறவு பாருங்க, மனுசன் வேணும்னே முள்ளு கெடக்க பக்கமாத் தேடிப் போறாரு! சின்னப்புள்ள மாதிரி திரும்பித் திரும்பி என்னையப் பாக்காரு. அவரு அப்படி முன்னயும் பின்னயும் ஓட்டிக்கிட்டிருக்கையில நான் அவரு வண்டிக்கு நாலு ஒட்டு போட்டேன். பொறவு அர மைலுக்கு ஒருக்க காத்தடிச்சு, முட்டி எரிய எரிய மிதிச்சுக்கிட்டுப் பின்னால போறேன். எரிச்சல் எனக்குத் தெரியவே இல்ல. அவரு முதுகையே பாத்துக்கிட்டுப் போறேன். அந்த முதுகுல என் பன்னெண்டு மாசமும் இருக்குல்லா.

இலஞ்சி வரவும் திரும்ப சாரல் பிடிச்சிருச்சு. மெயினருவி வளைவுல அண்ணாச்சி நல்லாவே சாச்சுத் திருப்புனாரு. பிச்சைமணி அண்ணன் எந்திச்சு நின்னு கை தட்டுனாரு.

ஐந்தருவி ரோட்டுல அவரு எடத்துக்கு வந்து சேந்தோம். எங்க வீட்டுக்காரரு குட்டியானைக்குள்ள உக்காராம, வெளிய நனைஞ்சிக்கிட்டே நின்னாரு. ஞானதுரை அண்ணாச்சி என் வண்டிய விட்டு எறங்கல. முற்றத்துச் சேத்துல ஒரு வட்டம் போட்டாரு. பொறவு இன்னொரு வட்டம். நான் அவரு வண்டியச் சாத்தி வச்சிட்டு நிக்கேன்.

"இந்த டயரு எங்கன வாங்குன?"ன்னாரு.

"சொல்லுதேன் அண்ணாச்சி. மொதல்ல எத்தன மாசம்னு நீங்க சொல்லுங்க."

எங்க வீட்டுக்காரரு என் கையப் பிடிச்சு இழுத்தாரு, அதிகமாப் பேசாதேங்க மாதிரி. நான் உதறிட்டேன். "மூணு மாசம்னா நான் வரல. நாளைக்கே எங்க கடைக்குப் போயிருவேன். டயரு எங்க இருக்குன்னு நீங்களே தேடிக்கிடுங்க."

அவரு வண்டிய நிறுத்திட்டு, துணி போட்டு மூடுத அவரோட பத்து வண்டியையும் வரிசையாப் பாத்தாரு. என் முட்டியப் பாத்தாரு.

"புரட்டாசி?"ன்னாரு.

"ஓடும்."

"ஐப்பசி மழை?"

"ஓடும் அண்ணாச்சி."

"பங்குனி, சித்திரை?"

"இன்னைக்கு நீங்க ஓட்டுனதே அந்த முள்ளுலதானே?"

"சரி. வருசம் பூரா"ன்னாரு. "சம்பளம் சொன்னது சொன்னதுதான். ஆனா சித்திரையில எவனாவது முள்ளுக்காட்டுலேர்ந்து எனக்குப் போன் போட்டு வஞ்சான்னா, போனை நான் உன் கையில குடுத்துருவேன்."

"ஏட்டி, பேசு, சரின்னு சொல்லு"ன்னு வீட்டுக்காரரு தோளப் பிடிச்சு உலுக்குதாரு, அவரு கண்ணுலயும் தண்ணி நிக்கி. நான் அவரு சட்டையப் பிடிச்சிக்கிட்டு, அழுகையா சிரிப்பான்னு தெரியாம தலைய மட்டும் ஆட்டுனேன். மகராசன், எண்ணெய் வாசம் அவரு மேல இன்னும் அடிக்கி.

"செவ்வாய்க்கிழமை வந்துரு. மொத சோலியே பத்து வண்டிக்கும் டயரு வாங்குததுதான்"னாரு அண்ணாச்சி. "ஆனா எங்கிட்ட காசு ரொம்பக் கம்மி, பாத்துக்கோ."

கம்மிக் காசுக்கு டயரு வாங்க எனக்கு யாரும் சொல்லித் தரணுமா?